ஊசி போடாமல் திருப்பி அனுப்பிய கிளினிக்: கிருஷ்ணகிரியில் ஒரு பெர்சியன் குட்டியின் தடுப்பூசிக் காலம்

ஒரு கால்நடை கிளினிக்கை மதிப்பிட வேண்டுமானால், அங்கே ஊசியை எவ்வளவு லாவகமாகப் போடுகிறார்கள் என்று பார்ப்பதைவிட, போடக் கூடாத நாளில் போடாமல் இருக்கிறார்களா என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் கருத்து. கிருஷ்ணகிரி நகருக்குள் நடக்கும் இந்தத் தனியார் செல்லப்பிராணி கிளினிக் அந்த அளவுகோலில் நன்றாகவே தேறுகிறது. வேறு சில விஷயங்களில் தேறவில்லை. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரைப் பக்கங்களில் சாதிப்பூனை வளர்க்கத் தொடங்கியிருக்கும் குடும்பங்கள் இப்போது பல. அவர்களில் பெரும்பாலோர் முதல் ஊசிக்கே ஓசூருக்கோ பெங்களூருக்கோ வண்டி எடுக்கிறார்கள். அந்த அலைச்சல் தேவைதானா என்ற கேள்விக்கு இதில் ஓரளவு விடை கிடைக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது டால் ஃபேஸ் பெர்சியன் பெண் பூனைக்குட்டி. விற்பவர்கள் இந்த இனத்தின் முகத்தை டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ் என்று தரம் பிரிக்கிறார்கள். மூக்கு உள்ளே அமுங்க அமுங்க விலை ஏறும், கூடவே மூச்சுத் திணறலும் கண்ணீர் வடிவதும் ஏறும். முகம் கொஞ்சமாவது நீண்டிருக்கும் டால் ஃபேஸ்தான் நம் ஊர் வெயிலுக்கு ஓரளவு தாங்கும் என்று மகள் படித்துவிட்டுச் சொன்னாள். அது சரியான யோசனைதான். பெங்களூரில் வாங்கிய இடத்தில் குட்டிக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது, இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது என்று சொல்லி ஓர் அட்டையையும் கொடுத்தார்கள். அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய இரண்டு தேதிகள் மட்டுமே இருந்தன. மருந்தின் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை, மருத்துவரின் கையெழுத்தோ முத்திரையோ இல்லை.

கிளினிக்கில் டாக்டரம்மா அந்த அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு குட்டியின் வாயைத் திறந்து, சுண்டுவிரல் நுனியால் உதட்டை விலக்கி, பால்பற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பூனைக்குட்டிக்குப் பால்பற்கள் எல்லாம் ஏறத்தாழ எட்டு வாரத்தில் முளைத்து முடியும். முன்வரிசையில் நிலைப்பற்கள் வரத் தொடங்க மூன்றரை, நான்கு மாதம் ஆகும். எங்கள் குட்டிக்குக் கடைசிப் பால்பல் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே தலைநீட்டியிருந்தது. தராசில் வைத்தால் முக்கால் கிலோவைச் சற்றே தாண்டியது. ஆரோக்கியமான குட்டி மாதத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடும் என்ற பொதுக் கணக்கைச் சொல்லி, இதற்கு வயது இரண்டு மாதத்தை ஒட்டித்தான் இருக்கும் என்றார். அப்படியென்றால் அட்டையில் கண்டிருந்த முதல் ஊசி, குட்டி கண் திறந்து நடக்கத் தொடங்கிய நாட்களில் போடப்பட்டிருக்க வேண்டும். அல்லது போடப்படவே இல்லை.

“இதைப் போட்ட கணக்குல எடுத்துக்க முடியாதுங்க சார். முதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கலாம். ஆனா இன்னைக்கு ஊசி வேண்டாம்” என்றார். வெப்பமானி 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் காட்டியது. பூனைக்கு ஏறத்தாழ நூற்று இரண்டரை வரை இயல்புதான். பயணத்தின் பதற்றத்தில் கொஞ்சம் ஏறுவதும் உண்டு. ஆனால் மலமும் இளகி இருந்ததால் அவர் துணிந்து ஊசியை எடுக்கவில்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள குட்டிக்கு ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாமல் போகலாம். நோய் ஏற்கெனவே உள்ளே இருந்தால் மறுநாள் வரும் பழி முழுவதும் ஊசியின் மேல் விழும் என்று விளக்கினார். காசு வாங்கிக்கொண்டு குத்தி அனுப்பியிருந்தால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அன்று நடந்த வேலை வேறு. கொண்டுபோன மலத்தைக் கண்ணாடித் தகட்டில் கரைத்து நுண்ணோக்கியில் வைத்து, என் மகளையும் அழைத்துக் காட்டினார். தடித்த ஓட்டுடன் உருண்டையாகத் தெரிந்தவை உருளைப்புழுவின் முட்டைகள். டாக்ஸோகாரா காட்டி என்னும் இந்தப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். ஆகவே வீட்டை விட்டு வெளியே போகாத குட்டி, சுத்தமான இடத்தில் பிறந்த குட்டி என்ற சமாதானம் எதுவும் இதற்குச் செல்லாது. எடை பார்த்து பைரன்டெல் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும், பிறகு ஆறு மாதம் ஆகும் வரை மாதம் ஒரு முறையும் கொடுக்கச் சொன்னார்கள். உடலின் மற்ற பகுதிகளில் இருக்கும் இளம்புழுக்களைக் கொல்லாமல் குடலில் உள்ள புழுவை மட்டுமே மருந்து வெளியேற்றுவதால்தான் இத்தனை முறை. சிறுபிள்ளைகள் உள்ள வீடானால் இந்த முட்டை அவர்களுக்கும் ஆபத்து என்பதால், மலத்தட்டைத் தினமும் சுத்தம் செய்து கையைச் சோப்பால் கழுவ வேண்டும் என்பதை அவர் இரண்டு முறை சொன்னார்.

அடுத்து அறையின் விளக்கை அணைத்துவிட்டு புறஊதா ஒளி விளக்கை ரோமத்தின் மேல் ஓட்டினார். பெர்சியன் குட்டிகளிடம் படர்தாமரை மிக அதிகம்; மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை இருந்தால் முடியின் அடிப்பகுதி பெரும்பாலும் பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒளிரும். எங்கள் குட்டியிடம் அப்படி எதுவும் ஒளிரவில்லை. ஆனால் எல்லாப் பூஞ்சையும் ஒளிராது என்பதால் காது மடலிலும் மூக்கின் மேலும் வட்டமாக முடி உதிர்கிறதா என்று சில வாரம் கவனிக்கச் சொன்னார். இந்த நோய் மனிதர்களுக்கும் தொற்றும். பிள்ளையின் கையில் வட்டத் தடிப்பு வந்த பிறகுதான் பல வீடுகளில் பூனையைச் சந்தேகிக்கிறார்கள்.

குட்டியின் வயிறு சரியான பிறகு முதல் ஊசி போடப்பட்டது. அது நோபிவாக் ட்ரைகேட் ட்ரையோ. பூனைகளின் பான்லூகோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி என்ற மூன்று வைரஸ்களுக்கும் சேர்த்துப் போடப்படும் முக்கூட்டுத் தடுப்பூசி. இதே வகையில் ஃபெலிஜென், ஃபெலோசெல் முதலிய பெயர்களிலும் ஊசிகள் உண்டு. எதைப் போட்டாலும் அடிப்படை ஒன்றுதான் என்பதால் எந்த பிராண்ட் உசத்தி என்று வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு சிறு கண்ணாடிக் குப்பியின் அடியில் வெள்ளையாக உலர்ந்த வில்லை ஒட்டியிருக்கும். இன்னொரு குப்பியில் கரைப்பான் இருக்கும். கரைப்பானை ஊசியில் உறிஞ்சி முதல் குப்பியில் விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றி, வில்லை கரைந்த உடனே போட்டுவிடுகிறார்கள். போட்ட கையோடு குப்பியின் மேல் ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் உரித்துக் குட்டியின் புதிய அட்டையில் ஒட்டி, கீழே கையெழுத்திட்டுப் பதிவு எண்ணுடன் முத்திரை குத்தினார் டாக்டரம்மா. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அந்த லேபிளிலேயே இருக்கின்றன. பூனை வாங்கும்போது அட்டையில் தேட வேண்டியது இந்த லேபிளைத்தான்.

எத்தனை ஊசி, எப்போது என்ற குழப்பம் பலருக்கு இருக்கிறது. காரணம் தெரிந்தால் கணக்கு மனத்தில் நிற்கும். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள்கள் குட்டியின் உடலில் சில வாரங்கள் தங்கி அதைக் காக்கின்றன. ஆனால் அதே எதிர்ப்பொருள்கள் நாம் போடும் ஊசியையும் நோய்க்கிருமி என்று எண்ணி அடித்துவிடும். அவை ஒரு குட்டிக்கு எட்டு வாரத்தில் தீரலாம். இன்னொன்றுக்குப் பதினாறு வாரம் வரைகூட நீடிக்கலாம். எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரமோ அதற்கு மேலோ ஆகும் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்பதே உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் கூட்டமைப்பின் (WSAVA) வழிகாட்டுதல். ஒன்பதிலும் பன்னிரண்டிலும் இரண்டு ஊசி போட்டதும் முடிந்தது என்று நிறுத்திவிடுவது இன்னும் பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இங்கே மூன்றாவதையும் பதினாறு வாரம் தாண்டியே போட்டார்கள். அதன் பிறகு ஓராண்டு வரை காத்திருக்காமல் ஆறு மாத வயதிலேயே ஒரு ஊக்க ஊசி போடுவது நல்லது என்று 2024-இல் வெளியான அதே அமைப்பின் வழிகாட்டுதல் சொல்வதையும் டாக்டரம்மா அறிந்திருந்தார். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இவ்வளவு புதுசாகப் படித்து வைத்திருப்பவரைப் பார்த்ததில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

இந்த மூன்று நோய்களிலும் பான்லூகோபீனியாதான் எமன். நாய்களின் பார்வோவுக்கு நெருங்கிய உறவான வைரஸ். குட்டிகளை ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும். தரையிலும் பாயிலும் கூடையிலும் ஓராண்டுக் காலம்கூட உயிரோடு கிடக்கும். வெளியே போகாத பூனைக்கும் ஊசி வேண்டும் என்பது இதனால்தான். நம் செருப்பிலேயே அது வீட்டுக்குள் வந்துவிடும். நல்ல வேளையாக இதற்கு எதிரான ஊசி மிக உறுதியான பாதுகாப்பைத் தருகிறது. மற்ற இரண்டின் கதை வேறு. ஹெர்பிஸும் கேலிசியும் ஊசிக்குப் பிறகும் தொற்றலாம். ஆனால் நோய் கடுமையாகாமல் ஊசி தடுக்கும். ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் உடலில் பதுங்கியிருந்து, வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ கண்ணில் நீராகவும் தும்மலாகவும் தலைகாட்டும். ஊசி போட்டும் பூனை தும்முகிறதே, மருந்து போலியா என்று கிளினிக்கில் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்; அவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் முன்பே சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்தக் கிளினிக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள குளிர்பதனப் பெட்டி. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். கதவில் ஒட்டிய சிறு எண்வெப்பமானி 4.6 என்று காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நூலில் தொங்கிய நோட்டில் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை வெப்பநிலை எழுதப்பட்டிருந்தது. மின்வெட்டு நேர்ந்த நாட்களில் சிவப்பு மையில் நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. பெட்டிக்குத் தனி இன்வெர்ட்டர் இருக்கிறது. வெளியில் வாங்கிவரும் ஊசியை இங்கே போட மாட்டோம் என்று சுவரில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். இதைப் பணம் பறிக்கும் உத்தி என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டேன். நான் அப்படி நினைக்கவில்லை. முக்கூட்டு ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். வெயிலில் வாடினால் அது செத்துப்போகும். வெறிநோய் ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். அதற்கு உறைந்துபோவது ஆகாது. பிளாஸ்டிக் பையில் போட்டு, ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து, சித்திரை வெயிலில் கொண்டுவரும் மருந்தைப் போட்டுவிட்டு அட்டையில் லேபிள் ஒட்டுவதைவிட, போடாமல் இருப்பதே நேர்மை.

ஊசி போடும் இடத்திலும் இங்கே ஒரு தெளிவு இருக்கிறது. பல இடங்களில் வசதிக்காக இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே போட்டுவிடுகிறார்கள். பூனைகளுக்கு மிக அரிதாக, பல ஆயிரங்களில் ஒன்றுக்கு, ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு. தோள் நடுவே வந்தால் அதை முழுதாக வெட்டி எடுப்பது கடினம். ஆகவே முக்கூட்டு ஊசியை வலது முன்னங்காலின் கீழ்ப்பகுதியிலும் வெறிநோய் ஊசியை வலது பின்னங்காலின் கீழ்ப்பகுதியிலும் போட்டு, அட்டையிலும் குறித்துக் கொடுத்தார்கள். போட்ட இடத்தில் சிறு வீக்கம் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது மூன்று மாதம் தாண்டியும் இருந்தாலோ, இரண்டு செண்டிமீட்டருக்கு மேல் பெருத்தாலோ, ஒரு மாதம் கழித்தும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ உடனே காட்ட வேண்டும். போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். முகம் வீங்குவது, வாந்தி, மூச்சிரைப்பு போன்ற கடும் ஒவ்வாமை வருமானால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். எங்கள் குட்டி அன்று மாலை சோர்ந்து படுத்தது. மறுநாள் காலை திரைச்சீலையில் தொங்கியது.

வெறிநோய் ஊசி பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகு போடுவது. அதை முக்கூட்டு ஊசியின் இரண்டாம் தவணையோடு சேர்த்துப் போட்டார்கள். அடுத்தது ஓராண்டில். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு வெறிநோய் எங்கிருந்து வரும் என்று என் மைத்துனர் கேட்டார். நம் வீட்டுக் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறது, தெருவில் எத்தனை நாய் நிற்கிறது என்பதை அவரே எண்ணிப் பார்க்கலாம். அறிகுறி தோன்றிய பின் பிழைப்பு அநேகமாக இல்லாத நோய் இது. பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் மனிதர்களுக்கு ஊசி போட வேண்டிய நாட்டில், பூனைக்கு ஊசி போட்டிருப்பது வீட்டாருக்கும் நிம்மதி. வெறிநோய் ஊசிக்கு மட்டும் பணம் ஒரு தடையானால், அரசு கால்நடை மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். ஜூலை 6 உலக விலங்கு வழி நோய்கள் தினத்தையும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையும் ஒட்டி இலவச முகாம்கள் நடப்பது வழக்கம். லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டது அந்த ஜூலை 6 அன்றுதான். அரசு மருந்தகங்கள் மாடு, ஆடு, கோழிகளை மையமாக வைத்து இயங்குபவை. இந்த மாவட்டத்துக்கு அதுதான் முதல் தேவையும்கூட. பூனையின் முக்கூட்டு ஊசிக்குத் தனியார் கிளினிக்தான் நடைமுறை வழி.

செலவைச் சொல்கிறேன். முக்கூட்டு ஊசி ஒரு தவணைக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய். வெறிநோய் ஊசி 300 ரூபாயை ஒட்டி. பார்வைக் கட்டணம் தனி. முதல் நாள் ஊசி போடாமல் அனுப்பியபோது பார்வைக்கும் மலப் பரிசோதனைக்கும் புழு மருந்துக்கும் மட்டுமே வாங்கினார்கள். ரசீது கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காமல் கொடுப்பதில்லை.

குறைகள் இனி. காத்திருக்கும் கூடத்தில் பூனைக்கு இடமே இல்லை. ஒரே வரிசை நாற்காலியில் ஒருவர் லாப்ரடாரோடும், இன்னொருவர் கன்னி இன நாய்க்குட்டியோடும், வாசல் படியில் போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் வயிறு உப்பிய வெள்ளாட்டோடும் இருக்க, நடுவில் நம் குட்டி கூடைக்குள் காதைப் படியவைத்துக்கொண்டு உறுமுகிறது. பயந்த பூனையின் வெப்பநிலையும் இதயத் துடிப்பும் ஏறிவிடும் என்பது டாக்டரம்மாவுக்கு நன்றாகவே தெரியும். ஒரு தட்டியை வைத்து மூலையைப் பிரிப்பதற்கு அதிகச் செலவும் ஆகாது. அதுவரை கூடையைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போவது நல்லது. நேரம் குறித்துக் கொடுத்தாலும் அந்த நேரத்தில் மருத்துவர் இருப்பார் என்று நிச்சயமில்லை. கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்காக அவர் கிளம்பிப் போவது உண்டு. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். இரவில் சேவை இல்லை. இரத்தப் பரிசோதனை மாதிரி வெளியூர் போய்த் திரும்புகிறது. அல்ட்ராசவுண்ட் கருவி இல்லை.

பெரிய குறை முன்பக்கத்து விற்பனை மேசை. உள்ளே மருத்துவர் அளந்து பேசுகிறார். வெளியே உதவியாளர் கால்சியம் சொட்டு மருந்து, எதிர்ப்புச் சக்தி டானிக், வாசனை ஷாம்பு என்று அடுக்குகிறார். குட்டிகளுக்கென்று தயாரித்த நல்ல உணவைச் சாப்பிடும் குட்டிக்குத் தனியாகக் கால்சியம் கொடுக்க வேண்டியதில்லை. அளவு மீறினால் எலும்பு வளர்ச்சிக்கே கெடுதல். டானிக் எதுவும் தடுப்பூசிக்கு மாற்றாகாது. சீட்டில் மருத்துவர் எழுதாத பொருளை வாங்காதீர்கள்.

ஆரோக்கியம் என்பது ஊசியோடு முடியாது என்பதால், டாக்டரம்மா சொன்னவற்றில் நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துபவற்றைக் குறிப்பிடுகிறேன். தயிர்சாதத்தில் பூனை வளராது. டாரின் என்ற அமினோ அமிலம் பூனைக்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. பற்றாக்குறையானால் இதயத் தசை தளர்ந்து விரியும், கண் பார்வையும் போகும். இந்தத் தொடர்பு 1987-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட பிறகுதான் பூனை உணவு நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. சைவ வீட்டார் பூனை வளர்ப்பதானால் அதன் தட்டில் மட்டுமாவது விதிவிலக்கு வேண்டும். பால் கொடுத்தால் பெரும்பாலான குட்டிகளுக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். நாம் சாப்பிட்ட கோழிக்குழம்பில் மிஞ்சியதைப் போடுவதும் ஆகாது; வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

தரையைத் துடைக்கும் பினாயில் அடுத்தது. பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து காலை நக்கினாலே போதும். பாரசிட்டமால் மாத்திரையும் இதே காரணத்தால் பூனைக்கு நஞ்சு. சுடுகிறதே என்று குழந்தைகளின் சிரப்பைச் சிறிது கொடுத்துக் குட்டியை இழந்தவர்கள் உண்டு. பான்லூகோபீனியா வந்த வீட்டைக் கழுவ வேண்டி வந்தால், முதலில் சோப்பால் தேய்த்துவிட்டு, ஒரு பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காய்ந்த பிறகே பூனையை விட வேண்டும். தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பங்கு போடுவது மற்றோர் ஆபத்து. நாய் மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொன்றுவிடும். பூனை என்று தெளிவாக அச்சிட்ட, எடைக்கு ஏற்ற மருந்தையே போட வேண்டும். பூங்கொத்தில் வரும் லில்லி மலரை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்.

பெர்சியனுக்கென்று தனியாக இரண்டு கவலைகள். ஒன்று வெயில். கோடையில் இங்கே நாற்பது டிகிரியை நெருங்கும் பிற்பகல்களில், குட்டை மூக்கும் அடர்ந்த ரோமமும் கொண்ட பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அதை நாய் இளைப்பதுபோல எண்ணி விட்டுவிடக் கூடாது. அது அவசர நிலை. ஈரத்துணியால் பாதங்களையும் காதுகளையும் துடைத்து, மின்விசிறிக்கு அருகில் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கண்ணோரக் கறையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் தினமும் துடைப்பதும், ரோமம் சடை பிடிக்காமல் உலோகச் சீப்பால் வாருவதும் இந்த இனத்துக்கு அன்றாட வேலை.

மற்றொன்று பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய். பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வர ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு; முன்பு மேல்நாடுகளில் பரிசோதித்த பெர்சியன் பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு இது இருந்தது. பத்து மாதம் ஆன பிறகு அல்ட்ராசவுண்டில் நம்பகமாகத் தெரியும்; மரபணுப் பரிசோதனையானால் எந்த வயதிலும் செய்யலாம். விற்பவர்கள் முகத்தின் தரத்தையும் ரோமத்தின் அடர்த்தியையும் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், தாய் தந்தையின் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். இந்தப் பரிசோதனை கிருஷ்ணகிரிக் கிளினிக்கில் ஆகாது. வடக்கே இருப்பவர்களுக்கு ஓசூரும் பெங்களூரும் பக்கம். தர்மபுரிப் பக்கத்தவர்கள் சேலம் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகத்துக்குப் போவது எளிது.

ஆக, தடுப்பூசிக்கும் புழு நீக்கத்துக்கும் சாதாரணக் காய்ச்சல், தோல் நோய்களுக்கும் இங்கே தயங்காமல் போகலாம். ஸ்கேனுக்கும் இரவு அவசரத்துக்கும் வேறு இடத்தின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். முதல் முறை போகிறவர்கள், அன்று காலை விழுந்த மலத்தில் சிறிதைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு, பழைய அட்டை எதுவாயினும் அதையும் கொண்டு போங்கள். காலை கிளினிக் திறக்கும் நேரம் கூட்டம் குறைவு. வாரச்சந்தை நாளில் மட்டும் வாசலில் ஆடுகள் நிற்கும். கருத்தடை அறுவையை நான்கு, ஐந்து மாதத்திலேயே செய்யலாம் என்றார்கள். எங்கள் குட்டிக்கு அது அடுத்த மாதம், கட்டணத்தை முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கிறேன்.